கொடியோடும் எழுத்தில் கல்யாணக் கார்ட்: முதன்முறை செய்கிறவர்களுக்கு

நான் முதன்முதலில் செய்த கார்ட் என் சித்தி மகளுடைய கல்யாணத்துக்கு. மொரீஷியஸில், ரோஸ் ஹில்லில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு இரண்டு இரவு உட்கார்ந்தேன். பெயர், தேதி, மண்டபம், முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் வளைந்து வளைந்து ஓடும் ஒரே கையெழுத்து எழுத்துருவில் போட்டேன். வீட்டில் எல்லோரும் 'ஆகா' என்றார்கள். விருந்து இரவு 7 மணிக்கு. கார்டில் '7 பி.எம்.' என்றுதான் இருந்தது. ஆனால் அந்த எழுத்துருவில் 7-இன் மேல்கோடு மயிரிழை மாதிரி, அச்சில் பாதி மறைந்துபோனது. தெற்கே சூயாக்கிலிருந்து பெரியப்பா குடும்பம் மதியம் 1 மணிக்கே வந்து பூட்டிய மண்டபத்தின் வாசலில் நின்றது. பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. பெரியம்மாதான் சொன்னார்: "எழுத்து நல்லாத்தான் இருக்குப்பா, படிக்கத்தான் முடியல."

அதற்குப் பிறகு நிறையக் கார்டுகள் செய்துவிட்டேன். சொந்தக்காரர்களுக்கு, கோயில் விழாவுக்கு, தமிழ் வகுப்புச் சான்றிதழுக்கு என்று. இப்போது யாராவது இந்த வேலையைக் கற்றுக்கொடு என்று கேட்டால் முதலில் ஒன்றைத்தான் சொல்கிறேன். படிப்பவருக்கு ஏற்கெனவே தெரிந்ததை, கொடி மாதிரி வளைந்தோடும் இந்தக் கொடியெழுத்தில் போடலாம். தெரியாததைப் போடக் கூடாது. மணமக்களின் பெயர் கார்டை வாங்குகிறவருக்குத் தெரியும். எழுத்து எப்படி வளைந்தாலும் கண் அதை அடையாளம் கண்டுகொள்ளும். மண்டபம் எந்தத் தெருவில், முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்பது அவருக்குத் தெரியாது. அதற்குத் தெளிவான நேர் எழுத்து வேண்டும். கீழே வருகிற எல்லாப் படிகளிலும் இந்த நினைப்புதான் ஓடும்.

முதலில் காகிதமும் பேனாவும்

கணினியைத் திறக்காதீர்கள். கார்டில் வரவேண்டிய எல்லாச் சொற்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். பெற்றோர் பெயர்களைப் பெரியவர்களிடம் காட்டி எழுத்துக்கூட்டலைச் சரிபாருங்கள். இந்தத் தீவில் ஒரே தமிழ்ப் பெயரை ரோமன் எழுத்தில் நாலு விதமாக எழுதுவோம். 'சாமி'யில் முடியும் குடும்பப் பெயர்களில் நடுவே 'டபிள்யூ' உண்டா இல்லையா என்பதற்கே ஒரு குடும்பத்தில் இரண்டு கட்சி இருக்கும். பதிவுத் திருமணச் சான்றிதழில் என்ன இருக்கிறதோ அதையே போடச் சொல்வேன். அச்சான பிறகு சண்டை போட முடியாது.

பிறகு அந்தத் தாளில் கொடியெழுத்தில் வரவேண்டிய சொற்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். மணமகள் பெயர், மணமகன் பெயர், வேண்டுமென்றால் தலைப்பாக ஒரு சொல். மொத்தம் ஐந்தாறு சொற்களுக்கு மேல் போனால் எதையாவது வெட்டுங்கள்.

இந்த எழுத்து எங்கிருந்து வந்தது

இதைத் தெரிந்துகொள்ளாமலும் கார்ட் செய்யலாம். தெரிந்துகொண்டால் எங்கே தவறும் என்பது முன்கூட்டியே புரியும்.

இன்று நாம் கல்யாணக் கார்டில் பார்க்கும் சாய்ந்த, மெல்லிய, சுருள் விடும் எழுத்துகள் பெரும்பாலும் 17, 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கையெழுத்து ஆசான்களிடமிருந்து வந்தவை. கூர்மையான இறகுப் பேனாவால் எழுதினார்கள். கீழே இழுக்கும்போது அழுத்தினால் முனை விரிந்து கோடு தடிக்கும். மேலே ஏறும்போது அழுத்தம் விட்டால் மயிரிழையாகும். பயிற்சிப் புத்தகங்களுக்காக அதைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்தார்கள். செதுக்குளி பேனாவைவிட இன்னும் நுணுக்கமாகக் கோடு இழுக்கும் என்பதால் எழுத்து மேலும் மெலிந்தது. இதனால்தான் ஆங்கிலத்தில் இதற்குக் 'காப்பர்பிளேட்' என்று பெயர். பிரெஞ்சு அச்சுக்காரர்கள் 'ஆங்கிலேஸ்' என்பார்கள். இங்கே பழைய அச்சுக்கூடத்தில் அந்தச் சொல் காதில் விழுந்தால் குழம்ப வேண்டாம், இதைத்தான் சொல்கிறார்கள்.

ஜார்ஜ் பிக்கம் என்ற செதுக்குநர் 1733 முதல் 1741 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட 'தி யுனிவர்சல் பென்மேன்' இந்தக் கலையின் பெரிய தொகுப்பு. அதைப் பார்த்து ரிச்சர்ட் லிப்டன் 1997இல் அடோபி நிறுவனத்துக்காக வரைந்ததுதான் 'பிக்கம் ஸ்கிரிப்ட்'. சார்ல்ஸ் ஸ்னெல் என்ற ஆசானின் கையைப் பார்த்து மேத்யூ கார்ட்டர் 1960களில் வரைந்தது 'ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட்'. ஆப்பிள் கணினி வைத்திருப்பவர்களுக்கு அது உள்ளேயே இருக்கிறது.

எல்லாச் சுருள் எழுத்தும் இந்த வம்சம் கிடையாது. ஹெர்மன் ஸாப்ஃப் வரைந்து 1998இல் வந்த 'ஸாப்ஃபினோ' பட்டை முனைப் பேனாவின் பிள்ளை. அதன் தடிப்பு அழுத்தத்தால் வருவதில்லை, முனையின் கோணத்தால் வருகிறது. 'அலெக்ஸ் பிரஷ்' பெயரிலேயே தூரிகையை வைத்திருக்கிறது. நடைமுறைக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: கல்யாணம், பட்டம், விருது என்றால் காப்பர்பிளேட் வகை; கவிதை நிகழ்ச்சி, கச்சேரி என்றால் பட்டை முனை வகை; பிறந்தநாள், பிள்ளைக்குப் பெயர் வைக்கும் விழா என்றால் தூரிகை வகை. இதை மீறினால் ஒன்றும் குடிமுழுகாது. நானும் மீறியிருக்கிறேன்.

எழுத்துருவை எங்கே எடுப்பது

முதலில் வீட்டுக் கணினியிலேயே தேடுங்கள். மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் போட்டிருந்தால் 'எட்வர்டியன் ஸ்கிரிப்ட்', 'பேலஸ் ஸ்கிரிப்ட்', 'குன்ஸ்ட்லர் ஸ்கிரிப்ட்' எல்லாம் பெரும்பாலும் பட்டியலில் இருக்கும். குன்ஸ்ட்லரின் மூலம் 1902இல் ஜெர்மனியில் ஈயத்தில் வார்த்த எழுத்து. எட்வர்டியனை எட் பெங்குவியட் 1994இல் வரைந்தார்.

இலவசமாக வேண்டுமென்றால் கூகுள் ஃபாண்ட்ஸ். அங்கே 'கிரேட் வைப்ஸ்', 'பின்யோன் ஸ்கிரிப்ட்', 'பெட்டிட் ஃபார்மல் ஸ்கிரிப்ட்', 'இட்டாலியானோ', 'டாஞ்சரின்' ஆகிய ஐந்தையும் இறக்கிப் பாருங்கள். எனக்குப் பிடித்தது பின்யோன். சுருள் அடக்கமாக இருக்கும், பெரிய எழுத்துகள் தெளிவாக இருக்கும். கிரேட் வைப்ஸ் அழகுதான், ஆனால் ஊரில் பாதிக் கார்டில் அதுதான் என்று எனக்கு ஒரு சலிப்பு வந்துவிட்டது. உங்களுக்கு வர வேண்டியதில்லை. பெட்டிட் ஃபார்மலின் சின்ன எழுத்துகள் கொஞ்சம் உயரமானவை, அதனால் சிறிய அளவிலும் தாங்கும்.

இவை 'ஓபன் ஃபாண்ட் லைசென்ஸ்' என்ற உரிமத்தில் வருபவை. காசு வாங்கிக் கார்ட் செய்து கொடுக்கலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் 'இலவச எழுத்துரு' என்று கூவும் மற்றத் தளங்களில் பலவற்றின் அடியில் 'சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று பொடி எழுத்தில் இருக்கும். தங்கைக்குச் செய்தால் சொந்தப் பயன்பாடு. பக்கத்து வீட்டுக்காரர் பணம் கொடுத்தால் வியாபாரம்.

இறக்கிய ஜிப் கோப்பைப் பிரித்து, உள்ளே இருக்கும் எழுத்துருக் கோப்பை வலது சொடுக்கினால் நிறுவும் வழி வரும். நிறுவியதும் வேர்டை மூடித் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலில் தெரியாது, நீங்கள் அரை மணி நேரம் தேடுவீர்கள்.

பெயரை வைத்துச் சோதிப்பது

எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது தளம் காட்டும் மாதிரி வாக்கியத்தை நம்பாதீர்கள். உங்கள் மணமக்களின் பெயரை அடித்துப் பாருங்கள். ஒரு எழுத்துரு நல்லதா என்று பொதுவாகச் சொல்ல முடியாது. இந்தப் பெயருக்கு நல்லதா என்றுதான் பார்க்க முடியும்.

முதலில் முதலெழுத்து. காப்பர்பிளேட் வகையில் பெரிய 'ஐ'யும் 'ஜே'யும் இரட்டைப் பிள்ளைகள். 'டி'யும் (T) 'எஃப்'பும் அப்படியே. 'எஸ்', 'எல்' இரண்டும் சில எழுத்துருக்களில் ஒரே சுருள். 'க்யூ' பழைய பாணியில் 2 மாதிரி இருக்கும். மணமகள் இந்திராவை ஜிந்திரா என்று யாராவது படித்தால் அந்த எழுத்துருவை விட்டுவிடுங்கள்.

அடுத்து நம் ஊர்க் குடும்பப் பெயர்களின் வால். பிள்ளை, ராமசாமி, வீரசாமி, மூன்சாமி என்று மொரீஷியஸ் தமிழ்ப் பெயர்களில் எத்தனையோ பெயர்கள் ரோமனில் 'ஒய்' எழுத்தில் முடிகின்றன. இது ஒரு வரம். 'ஒய்'யின் வால்தான் இந்த எழுத்துகளில் மிக அழகாகச் சுருளும் இடம். ஆனால் அந்த வால் கீழ் வரிக்குள் இறங்கி, அங்கே 'பிள்ளை'யின் இரட்டை 'எல்' இரண்டு கண்ணியாக மேலே நீட்டிக்கொண்டிருந்தால் இரண்டும் மோதும். வரி இடைவெளியைக் கூட்டுங்கள், அல்லது வரியைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்துங்கள். கணினி தானாகச் செய்யாது.

சில இணைப்புகளையும் உற்றுப் பார்க்க வேண்டும். 'ஓ'வுக்குப் பின் 'வி', 'பி'க்குப் (b) பின் 'ஆர்' வரும் இடங்களில் கோடு மேலே முடிந்து அடுத்த எழுத்து கீழே தொடங்கும். மலிவான எழுத்துருவில் அங்கே ஒரு சின்ன விரிசல் தெரியும். நம் பெயர்களில் இரட்டை 'ஓ' வேறு நிறைய. இரண்டும் அச்சடித்த மாதிரி ஒன்றாக இருந்தால் கையெழுத்து என்ற மாயை கலைந்துபோகும்.

பிரெஞ்சுக் குறிகள் தனிப் பிரச்சினை. ஆங்கிலத்தில் மட்டும் கார்ட் அடித்தால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். ஆனால் 'செரெமொனி', 'ரிசெப்ஸியோன்', 'தினே' என்று ஒரு வரியாவது பிரெஞ்சில் வந்தால் எழுத்தின் தலையில் குறி வரும். குறி இல்லாத எழுத்துருவில் கணினி என்ன செய்யும் தெரியுமா? அந்த ஒரு எழுத்தை மட்டும் வேறு எழுத்துருவிலிருந்து கடன் வாங்கிப் போடும். பட்டுப்புடவை வரிசையில் ஒருவர் மட்டும் மழைக்கோட்டோடு நின்ற மாதிரி இருக்கும். மேல் சாய்வு, கீழ் சாய்வு, கூரை, 'சி'யின் அடி வால் நான்கையும் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் தேர்வு செய்யுங்கள். கூகுள் ஃபாண்ட்ஸில் மேலே சொன்னவற்றில் எனக்கு இந்தத் தொல்லை வந்ததில்லை.

அப்புறம் எண்கள். 1, 7, 4, 9. என் பெரியப்பா கதை தெரியுமே.

கணினியில் போடும்போது

கார்ட் ஐந்துக்கு ஏழு அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். பெயர்கள் 32 முதல் 42 பாயிண்ட் வரை இருக்கலாம். இந்த வகையில் சின்ன எழுத்துகளின் உடல் மிகவும் குள்ளம், 18 பாயிண்ட் என்று போட்டால் கண்ணுக்கு 11, 12 மாதிரிதான் படும். 14க்குக் கீழே நான் எதையும் கொடியெழுத்தில் போடுவதில்லை.

முழுக்கப் பெரிய எழுத்தில் அடிக்கவே கூடாது. ஒவ்வொரு பெரிய எழுத்தும் தன் சுருளுக்குத் தனியாக இடம் கேட்கும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் காவடி சுழற்றினால் எப்படி இருக்கும், அப்படி.

எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டாதீர்கள். நேர் எழுத்தில் அது நேர்த்தி. இங்கே இணைப்புக் கோடு அறுந்து எழுத்துகள் தனித்தனித் துண்டாகிவிடும். இடைவெளி பூஜ்யத்தில் இருக்கட்டும். தடிமன் பொத்தானையும் அழுத்த வேண்டாம். அந்த எழுத்துருவில் தடித்த வடிவம் இல்லையென்றால் கணினி எல்லாக் கோட்டையும் ஒரே அளவுக்கு ஊதிவிடும். தடிப்புக்கும் மெலிவுக்கும் உள்ள வித்தியாசம்தானே இதன் உயிர். பெயர் நீளமாக இருக்கிறது என்று பக்கவாட்டில் நசுக்குவதும் அதே தவறு. இரண்டு வரியாக்குங்கள்.

வேர்டில் ஒரு மறைந்த வசதி உண்டு. கன்ட்ரோல், 'டி' (D) இரண்டையும் சேர்த்து அழுத்தினால் வரும் பெட்டியில் 'அட்வான்ஸ்ட்' பக்கத்துக்குப் போங்கள். அங்கே 'கான்டெக்ஸ்சுவல் ஆல்டர்னேட்ஸ்' என்ற கட்டத்தைத் தேர்வு செய்து, 'லிகேச்சர்ஸ்' என்பதைத் திறந்துவிடுங்கள். நல்ல எழுத்துருவாக இருந்தால் இணைப்புகள் உடனே ஒழுங்காகும், இரட்டை எழுத்துகள் கொஞ்சம் மாறும். 'ஸ்டைலிஸ்டிக் செட்ஸ்' பட்டியலில் 1, 2, 3 என்று மாற்றிப் பார்த்தால் சில எழுத்துருக்களில் வேறு வேறு சுருள்கள் வரும். இன்னும் கூடுதலான சுருள்கள் வேண்டுமென்றால் லிப்ரே ஆபீஸில் எழுத்துருப் பெட்டியில் இருக்கும் 'ஃபீச்சர்ஸ்' பொத்தானையோ, இங்க்ஸ்கேப்பில் எழுத்துப் பெட்டியின் 'ஃபீச்சர்ஸ்' பக்கத்தையோ பாருங்கள். இரண்டுமே இலவச மென்பொருள்கள். புதிதாக வருகிறவர்கள் இந்தச் சுருள்களைக் கண்டதும் எல்லாவற்றையும் போட்டுவிடுவார்கள். பெயருக்கு ஒரு சுருள் போதும். தலையிலோ வாலிலோ, ஒரே இடத்தில்.

நடுவில் நிறுத்துவது கண்ணால் செய்ய வேண்டிய வேலை. கணினி முதலெழுத்தின் நீண்ட சுருளையும் சேர்த்து அளந்து நடுவில் வைக்கும். பார்க்கும்போது பெயர் வலப்பக்கம் சரிந்த மாதிரி தெரியும். சுருளைக் கணக்கில் எடுக்காமல் பெயரின் உடல் நடுவில் வருமாறு கையால் நகர்த்துங்கள்.

மற்றத் தகவல்களுக்கு அமைதியான ஒரு எழுத்துரு போதும். காரமோண்ட் மாதிரி ஒன்று, 10 அல்லது 11 பாயிண்டில். இரண்டாவது கொடியெழுத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தாதீர்கள்.

தமிழ் வரி

இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறோம். 'ஆங்கிலம் இவ்வளவு அழகாக ஓடுகிறதே, தமிழிலும் அதே மாதிரி எழுத்துரு இல்லையா?' என்று என்னிடம் கேட்காத மணமகளே இல்லை.

தமிழ் வேறு கருவியால் உருவானது. ஓலையில் எழுத்தாணியால் கீறினார்கள். ஓலையின் நார் ஓடும் திசையில் நேர்கோடு இழுத்தால் ஓலை கிழியும், அதனால் எழுத்து உருண்டது. புள்ளி குத்தினாலும் ஓலை பொத்துப்போகும் என்று பல சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியே இருக்காது. எழுத்தாணிக் கோடு எங்கும் ஒரே தடிப்பு. அழுத்தி இழுத்துத் தடிக்க வைக்கும் வழக்கம் அதில் கிடையாது, எழுத்துகள் ஒன்றோடொன்று கைகோக்கும் வழக்கமும் கிடையாது. ஆகவே ஆங்கில எழுத்தின் சாயலைத் தமிழ்மேல் ஏற்றினால் இரண்டும் கெடும். குறிப்பாக, நேரான தமிழ் எழுத்துருவை எடுத்துச் சாய்வுப் பொத்தானை அழுத்தாதீர்கள். 'ழ'வும் 'ஞ'வும் காற்றில் சாய்ந்த கரும்பு மாதிரி நிற்கும்.

தமிழுக்கு மெல்லிய, ஒரே தடிப்புள்ள எழுத்துருவைப் போடுங்கள். கொடியெழுத்துக்குப் பக்கத்தில் அது அமைதியாக நிற்கும். 'மீரா இனிமை' எனக்கு மிகவும் கைகொடுத்தது. 'அரிமா' எழுத்துருவின் மெல்லிய வடிவத்தில் ஓரங்கள் உருண்டு இருக்கும், அலங்காரத்துக்கு ஏற்றது. கையால் எழுதிய சாயல்தான் வேண்டுமென்றால் தாரிக் அசீஸ் வரைந்த 'கவிவாணர்'. அது சாய்ந்தே பிறந்தது, நாம் சாய்க்க வேண்டியதில்லை. எல்லாமே கூகுள் ஃபாண்ட்ஸில் இருக்கின்றன. அளவைக் கண்ணால் பொருத்துங்கள். பெயர் 36 பாயிண்ட் கொடியெழுத்தில் இருந்தால் தமிழ் 18, 20லேயே சமமாகத் தெரியும்.

ஒருங்குறியில் (யூனிகோடில்) மட்டும் தட்டச்சு செய்யுங்கள். பழைய காலத்து எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை ஒளித்துவைத்திருப்பார்கள். அச்சகக் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் 'திருமணம்' இருக்க வேண்டிய இடத்தில் நிறுத்தற்குறிகளின் கூட்டம் நிற்கும். ஒருங்குறியிலும் ஒரு கண்ணி உண்டு. ஃபோட்டோஷாப், இன்டிசைன் போன்றவற்றில் எழுத்துக் கோக்கும் முறையை 'வேர்ல்ட்-ரெடி' என்று மாற்றாவிட்டால் 'கொ' உடைந்து, கொம்பு தப்பான பக்கம் போய் நிற்கும். தமிழ் தெரியாத அச்சுக்காரருக்கு அது தவறு என்றே தெரியாது. சரிபார்க்க 'பொன்', 'கௌரி', 'மேடை' என்று மூன்று சொல் அடித்துப் பாருங்கள். மூன்றும் சரியாக வந்தால் மற்றதும் வரும்.

தமிழ் வரி எங்கே நிற்க வேண்டும் என்பதையும் குடும்பத்தாரிடம் கேட்டுவிடுங்கள். இந்தத் தீவில் அது சின்ன விஷயம் கிடையாது. 1998இல் வந்த புதிய ரூபாய்த் தாள்களில் தமிழ் வரிக்கு மேலே இந்தி வரி வந்துவிட்டது என்று எழுந்த எதிர்ப்பில் அந்தத் தாள்களையே திரும்பப் பெற்று, பழைய வரிசையில் மறுபடி அச்சடித்தார்கள். நான் கார்டில் தமிழை உச்சியில் வைக்கிறேன். அழகுக்கும் அதுதான் சரி. மேலே உருண்ட தமிழ், நடுவில் ஓடும் பெயர், கீழே நேர் எழுத்து.

உச்சியில் வரும் பிள்ளையார் சுழியை மட்டும் எந்த எழுத்துருவிலிருந்தும் எடுக்காதீர்கள். வீட்டில் இருக்கும் மூத்தவரிடம் ஒரு வெள்ளைத் தாளும் கறுப்பு மைப் பேனாவும் கொடுத்து 'உ' போடச் சொல்லுங்கள். பத்துத் தடவை போடட்டும், நன்றாக வந்ததை அங்குலத்துக்கு 600 புள்ளி அளவில் ஸ்கேன் செய்து, இங்க்ஸ்கேப்பில் 'ட்ரேஸ் பிட்மேப்' கட்டளை கொடுத்தால் அது கோட்டுருவாக மாறிவிடும். எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. சித்தி மகளின் தம்பி கல்யாணத்துக்கு எங்கள் ஆயா போட்ட 'உ'வை வைத்தோம். கை நடுங்கிய இடம்கூட அப்படியே வந்தது. அந்தக் கார்டைத்தான் எல்லோரும் எடுத்துவைத்திருக்கிறார்கள்.

அச்சுக்குப் போகும் முன்

மயிரிழைக் கோடுதான் அச்சில் முதலில் சாகும். கால் பாயிண்டுக்கு மெல்லிய கோடு இருந்தால் அது வருமா என்று அச்சகத்தில் கேளுங்கள். சொரசொரப்பான தாளில் வீட்டு இங்க்ஜெட் மையைப் பரப்பி, சின்னக் கண்ணிகளை அடைத்துவிடும். அரக்குச் சிவப்புத் தாளில் வெள்ளை எழுத்து வேண்டுமென்றால் கூடுதல் கவனம் தேவை: சுற்றியிருக்கும் மை உள்ளே கசிந்து வெள்ளைக் கோட்டைத் தின்னும். அதற்கு எழுத்தைப் பெரிதாக்குங்கள், அல்லது தடித்த உடலுள்ள எழுத்துருவுக்கு மாறுங்கள். தங்கத் தாள் ஒட்டும் முறையில் நேர்மாறான தொல்லை. கோடு நிற்கும், ஆனால் 'இ', 'ஏ' போன்ற ரோமன் எழுத்துகளின் சிறு வளையங்கள் தங்கத்தால் மூடிக்கொள்ளும்.

அச்சகத்துக்கு பிடிஎஃப் கோப்பாகவே கொடுங்கள், எழுத்துருவை உள்ளே பதித்து. இன்னும் பாதுகாப்பு வேண்டுமென்றால் எழுத்தை வடிவமாக மாற்றிவிடலாம். இங்க்ஸ்கேப்பில் 'ஆப்ஜெக்ட் டு பாத்'. மாற்றும் முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள், அப்புறம் எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது. லேசரில் வெட்டும் அட்டை, வாசலில் ஒட்டும் வினைல் ஆகியவற்றுக்கு இன்னொரு வேலை உண்டு: இணைப்பெழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறித்தான் சேர்ந்திருக்கும், கத்தி அந்த ஒவ்வொரு சந்தியையும் வெட்டிவிடும். வடிவமாக மாற்றிய பிறகு 'யூனியன்' கட்டளை கொடுத்து எல்லாவற்றையும் ஒரே உருவாக ஒட்டுங்கள்.

நூறு பிரதி அடிக்கும் முன் ஒரே ஒரு பிரதி. உண்மையான அளவில், உண்மையான தாளில். அதைக் குடும்பத்தைத் தெரியாத ஒருவரிடம், சாயங்கால வெளிச்சத்தில், கைநீட்டிப் பிடித்துப் படிக்கச் சொல்லுங்கள். பெயரில் தடுமாறினால் பரவாயில்லை. நேரத்திலும் இடத்திலும் தடுமாறினால் திரும்பக் கணினிக்குப் போங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பும் கார்டுக்குத் தனியாக ஒரு பிரதி செய்யுங்கள். படமாக அனுப்பினால் அது சுருக்கும், சுருக்கும்போது மயிரிழை போய்விடும். பெயரை இன்னும் பெரிதாக்கி, தடிப்பான எழுத்துருவில். அல்லது கோப்பாக அனுப்புங்கள்.

விருந்துப் பட்டியல் அட்டை வேண்டும் என்பார்கள். வாழையிலையில் ஏழு கறி, ரசம், பாயசம். 'மெனு' என்ற தலைப்பை மட்டும் கொடியெழுத்தில் போட்டுவிட்டு, கறிகளின் பெயரை நேர் எழுத்தில் விடுங்கள். பசியோடு இருக்கிறவர் சுருளை ரசிக்க மாட்டார். சான்றிதழிலும் இதே கணக்குதான்: மாணவர் பெயர் மட்டும் கொடியெழுத்து. பெயர்ப் பட்டியலில் மிக நீளமான பெயரை முதலில் போட்டு அளவு பாருங்கள். அது கோட்டுக்குள் அடங்கினால் மற்றவை அடங்கும்.

கடைசியாக உறை. எழுத்துருவில் அச்சடிக்கலாம்தான். ஆனால் இங்கே கார்டை நேரில் வீட்டுக்குப் போய்த்தானே கொடுக்கிறோம், தபால்காரர் படிக்க வேண்டிய முகவரி எதுவும் இல்லை. உறையின்மேல் பெயரைக் கையால் எழுதுங்கள், உங்கள் சொந்தக் கையெழுத்தில். என் பெரியப்பா வீட்டு உறையில் மட்டும் நான் பெயருக்குக் கீழே இன்னொரு வரியும் எழுதுவேன், 'இரவு ஏழு மணி' என்று, தமிழில், எழுத்தால்.